‘நல்ல ஏரியா’ என்றால் என்ன? வீடு வாங்கும் முன் எடைபோடும் முறை

வீடு பார்க்கிறோம் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி “ஏரியா எப்படி?” என்பதுதான். “நல்ல ஏரியாதான்” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். பேச்சு அதோடு முடிகிறது. தரகர் ‘நல்ல ஏரியா’ என்றால் விலை ஏறும் என்று பொருள். கூட வேலை பார்ப்பவர் சொன்னால் பேர்பெற்ற பகுதி என்று பொருள். வீட்டுப் பெரியவர் சொன்னால், இருட்டிய பிறகும் பயமில்லாமல் கடைக்குப் போய் வரலாம் என்று பொருள். மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொல்லி மூன்று வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள்.

‘வீடு நன்றாக இருக்கிறது’ என்பதும் இதே மாதிரிதான். பளபளக்கும் தரையையும் புதிய சமையலறை அலமாரியையும் பார்த்துச் சொல்கிறோமா, அஸ்திவாரத்தைப் பார்த்துச் சொல்கிறோமா? பெரும்பாலானவர்கள் ஒரு வீட்டை இரண்டு தடவை, மொத்தம் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, 20 வருடம் கடன் கட்டும் முடிவை எடுக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரிந்திருந்தாலே பல தவறுகள் குறையும். முதல் தடவையாக வீடு வாங்க நினைப்பவர்களுக்காக, அடிப்படையிலிருந்து இதை எழுதுகிறேன்.

துணியும் தையலும்

கடையில் ஒரு சட்டையை எடுக்கிறீர்கள். கை நீளமா, தைப்பவரிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். பட்டன் பிடிக்கவில்லையா, மாற்றிவிடலாம். ஆனால் துணியே உடம்பை உறுத்தினால்? எந்தத் தையற்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் துணி தெரிந்தவர்கள் சட்டையை எடுத்ததும் முதலில் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பட்டனெல்லாம் அப்புறம்.

வீட்டில் துணி என்பது இடம். தையல் என்பது கட்டடம். சுவரின் நிறம், தரை, கதவு, குளியலறைக் குழாய் எல்லாம் பட்டன்கள். செலவு செய்தால் மாறும். வீடு நிற்கும் நிலம் மேடா பள்ளமா, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பவையெல்லாம் துணி. எத்தனை பணம் கொட்டினாலும் மாறாது.

வீடு பார்க்கப் போகும்போது நம் கண் நேராகப் பட்டனுக்குப் போகிறது. விற்பவருக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்கிறார்கள்.

ஒரே விலை, இரண்டு பொருள்

வீட்டின் விலை என்று ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். அதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு இழக்கும். இதற்குத் தேய்மானம் என்று பெயர். நிலம் தேய்வதில்லை. சுற்றியிருக்கும் ஊர் வளர்ந்தால் அதன் மதிப்பு ஏறும், ஊர் தளர்ந்தால் இறங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிலம் 60, கட்டடம் 40. கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், ஆண்டுதோறும் ஒரே அளவில் தேய்கிறது என்று எடுத்துக்கொண்டால், 20 வருடம் கழித்து கட்டடத்தின் பங்கு சுமார் 27. மொத்த விலை ஏறியிருக்கிறது என்றால், அந்த ஏற்றம் முழுவதும் நிலத்திலிருந்து வந்தது. “வீட்டு விலை எப்போதும் ஏறும்” என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் தவறு. வீடு ஏறுவதில்லை, வீடு நிற்கும் இடம் ஏறலாம். இறங்கவும் செய்யலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே நிலத்தில் உங்களுக்கு ஒரு சிறு பங்குதான் வருகிறது. கொடுக்கும் விலையில் பெரும்பகுதி தேயும் பொருளுக்குப் போகிறது. அதற்காக அடுக்குமாடி வீடு மோசம் என்று சொல்லவில்லை. குடியிருக்க அது வசதியாக இருக்கலாம். பத்திரத்தில் நிலப்பங்கு எவ்வளவு என்று கேட்காமல் வாங்குவதுதான் மோசம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இடத்தை மாற்ற முடியாது, கட்டடத்தை ஓரளவு மாற்றலாம், மேல்பூச்சை முழுவதும் மாற்றலாம். பார்க்கும் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்.

தூரத்தை நேரத்தால் அளப்பது

தள்ளிப் போனால் வீட்டு விலை குறைகிறது. ஏன்? இதை முதலில் ஒழுங்காக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் ஜெர்மனியில் பண்ணை வைத்திருந்த ஃபான் தூனென். 1826-இல் அவர் சொன்னது எளிமையானது. சந்தைக்கு அருகிலுள்ள நிலத்தில் விளைந்ததைக் கொண்டுபோகும் செலவு குறைவு. மிச்சமாகும் அந்தச் செலவு நிலத்தின் வாடகையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விளைச்சலுக்குப் பதிலாக மனிதர்களை வைத்துப் பாருங்கள், இன்றைய நகரத்துக்கும் அது பொருந்துகிறது. தொலைவில் விலை குறைவாக இருப்பது யாரோ தரும் தள்ளுபடி இல்லை. மிச்சத்தைப் பயணமாக நீங்கள் தினமும் கட்டப் போகிறீர்கள்.

எவ்வளவு கட்டுகிறோம்? போக 40 நிமிடம், வர 40 நிமிடம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 240 வேலை நாள். மொத்தம் 320 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 40 நாள். ஒவ்வொரு வருடமும் 40 நாள் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதற்குச் சமம். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் இரட்டிப்பு.

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி 1994-இல் ஒன்றைக் கவனித்து எழுதினார். நடந்து போன காலத்திலும் சரி, கார் வந்த பிறகும் சரி, மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்றார். வாகனத்தின் வேகம் கூடினால் வீடு தள்ளிப் போகிறது, நேரம் பெரிதாக மாறுவதில்லை. இது சராசரிதான், விதி இல்லை. இருந்தாலும் போக வர ஒரு மணி நேரத்தை வெகுவாகத் தாண்டும் வீட்டைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் நின்று யோசிக்க இது நல்ல அளவுகோல்.

“பழகிவிடும்” என்பார்கள். பழகுமா? அலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃப்ரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் எடுத்த நீண்டகாலக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். அதிக நேரம் பயணம் செய்பவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்கும், ஆகவே திருப்தியில் வித்தியாசம் இருக்காது என்பதுதான் பொருளாதாரக் கோட்பாடு. கிடைத்த விடை வேறு. பயண நேரம் கூடியவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பெரிய கூடம் மூன்றே மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். நெரிசல் ஒவ்வொரு நாளும் புதிதாக வருகிறது, அது எப்படிப் பழகும்?

குடும்பம் என்றால் ஒருவரின் பயணம் மட்டும் இல்லை. பிள்ளையின் பள்ளி, வயதானவரின் மருத்துவமனை, தினமும் வேண்டிய காய்கறி, மருந்துக் கடை. இதில் எதையெல்லாம் நடந்தே போய்ச் செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை தனியாகப் போய்வரக்கூடிய தெருவில் வீடு இருந்தால் பெற்றோருக்கு மிச்சமாகும் நேரம் கொஞ்சமல்ல. இன்றைய தேவையை மட்டும் பார்ப்பதும் போதாது. கைக்குழந்தை பத்து வருடத்தில் மேல்நிலைப் பள்ளி தேடும். இன்று வண்டி ஓட்டும் பெரியவர் ஒருநாள் நிறுத்திவிடுவார்.

வரைபடம் காட்டும் கிலோமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில், ஒரு வேலை நாளில், அந்த வீட்டு வாசலிலிருந்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தண்ணீர் எங்கே போகும்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. மழை பெய்தால் இந்த வீட்டைச் சுற்றி விழும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

தண்ணீருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பள்ளத்தை நோக்கி ஓடுவது. எனவே உங்கள் மனை மட்டும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலை. சுற்றியுள்ள தெருக்களோடு ஒப்பிட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெரு முனையிலிருந்து வீடு வரை நடந்து வாருங்கள். இறங்கி வருகிறீர்களா, ஏறி வருகிறீர்களா? காலுக்கு அது தெரியும். இன்னொன்று, சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டால் சாலை மட்டம் ஏறிக்கொண்டே போகும். கட்டியபோது மேட்டில் இருந்த வீடு இருபது வருடத்தில் பள்ளத்துக்கு வந்துவிடும். வாசற்படியில் நின்று, வீட்டுத் தரை சாலையைவிட எத்தனை படி மேலே இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு சொல் உண்டு: ‘நூறாண்டு வெள்ளம்’. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும், போன வருடம்தான் வந்தது, இனி நம் காலத்தில் வராது என்று நினைக்கிறோம். அது அப்படி இல்லை. ஒவ்வொரு ஆண்டும் வருவதற்கு 100-இல் 1 வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். பானையில் 99 வெள்ளைக் குண்டும் ஒரு கறுப்புக் குண்டும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம், பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறோம். போன வருடம் கறுப்பு வந்தது இந்த வருடம் பானைக்குத் தெரியாது. இப்படி 20 வருடம் எடுத்தால் ஒருமுறையாவது கறுப்பு வரும் வாய்ப்பு 18 சதவீதம். 30 வருடத்தில் 26 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. 30 வருடக் கடன் என்றால், அது முடிவதற்குள் நான்கில் ஒரு வாய்ப்பு; அதை அரிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, சுற்றுவட்டாரக் குளங்களை மூடிக் கட்டடம் எழுப்பினால் பானையில் கறுப்புக் குண்டுகளும் கூடும்.

வெள்ளம் வந்துபோன தடயம் வீட்டில் இருக்கும். சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் கோடு போல் ஓடும் கறை. கதவுச் சட்டத்தின் அடிப்பகுதி மட்டும் உப்பியிருப்பது. தெருவில் எல்லோரும் வாசலில் தடுப்புச் சுவர் கட்டி வைத்திருந்தால் அது அழகுக்காகக் கட்டியது இல்லை. இவை எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அங்கே போய் நிற்பது. மழைக்காலம் வரும்வரை முடிவைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். விற்பவருக்கு அவசரம் இருக்கலாம். நமக்கு இருக்க வேண்டியதில்லை.

குடிக்கும் தண்ணீர், கழிவுநீர் இரண்டையும் இதோடு சேர்த்தே விசாரித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, கோடையில் என்ன செய்கிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது. இந்த மூன்றையும் பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

சத்தம், போக்குவரத்து, அக்கம்பக்கம்

நாங்களும் ஒரு வீட்டை ஏறக்குறைய முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தோம். தெருவில் ஒரு சத்தம் இல்லை. வேப்பமரத்தில் குருவி கத்துவது கேட்டது. என் மனைவிக்கு அந்த அமைதியே பிடித்துப்போனது. முன்பணம் கொடுப்பதற்கு முந்தின மாலை, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பின்சுவரை ஒட்டி இரும்புப் பட்டறை. ஞாயிறன்று பூட்டியிருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. வார நாட்களில் இரவு எட்டு வரை அறுக்கும் இயந்திரம் ஓடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். இது சாதாரண அளவுகோல் மாதிரி இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடுகிறது, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. ஆகவே 50-க்கும் 60-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் சின்னது இல்லை. இரவில் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60. பெரிய சாலையிலிருந்து உள்ள தூரம் இரட்டிப்பானால் போக்குவரத்துச் சத்தம் 3 டெசிபல் அளவுக்குத்தான் குறைகிறது. “சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித்தானே இருக்கிறது” என்ற ஆறுதல் பெரிதாக உதவாததற்கு இதுதான் காரணம். நடுவே வேறு கட்டடங்கள் மறைத்தால் நன்றாகவே குறையும்.

போக்குவரத்து காதை மட்டும் தொடுவதில்லை. 1960-களின் இறுதியில் டொனால்டு ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். வாகனங்களின் எண்ணிக்கை மட்டும்தான் முக்கிய வேறுபாடு: ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வாகனம் குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வாகனம் நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை, சராசரி 0.9. உங்கள் வீட்டின் எல்லை எதுவரை என்று வரைந்து காட்டச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெருவையே சேர்த்து வரைந்தார்கள். நெரிசலான தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சுற்றுப்புறம் என்று நாம் சொல்வது இதைத்தான். பங்களாக்கள் வரிசையாக நிற்பதால் மட்டும் ஒரு பகுதி நல்லதாகிவிடாது. மாலையில் யாராவது வெளியே நிற்கிறார்களா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா, பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா, தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சன்னல்கள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் தெருவில் தப்பு செய்ய நினைப்பவன் தயங்குவான். உயரமான மதிலும் பூட்டிய கதவுமாக ஆள் அரவம் இல்லாத தெரு, பார்க்கப் பணக்காரத் தெருவாக இருந்தாலும், எனக்கு அத்தனை பாதுகாப்பாகத் தோன்றுவதில்லை.

ஒரு வீட்டை மூன்று நேரத்தில் பாருங்கள்: வேலை நாளின் காலை நெரிசல், மாலை இருட்டும் நேரம், இரவு பத்துக்குப் பிறகு. விடுமுறை நாள் பகலில் பார்ப்பது கடைசிக் கணக்கு.

வெயில் எந்தப் பக்கம்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்கு வெயில் தாழ்ந்து, படுக்கைவாட்டில் வருகிறது. சன்னலுக்கு மேலே எவ்வளவு நீட்டிச் சிலாப் போட்டாலும் தடுக்காது. பிற்பகலில் காற்றும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். மேற்குச் சுவர் வாங்கும் சூட்டைச் சில மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது, அதாவது நாம் படுக்கும் நேரத்தில். வெப்பமான பகுதி என்றால் படுக்கையறை மேற்கே இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ப் பகுதி என்றால் அதே வெயில் வரம்தான். எதிரெதிராக இரண்டு சன்னல் உள்ள அறையில் காற்று ஓடும். ஒரே பக்கம் சன்னல் உள்ள அறையில் ஓடாது.

கட்டடம்: மூன்று அறிகுறிகள்

இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறோம். விரிசல், ஈரம், பெயரும் கான்கிரீட் மூன்றையும் பார்த்தால் கட்டடத்தின் உடல்நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

விரிசல் இல்லாத வீடே கிடையாது. பூச்சு காயும்போது முடியிழை போல் விழும் விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுப்படி, சுமார் 5 மில்லிமீட்டர் அகலம் வரை பெரும்பாலும் தோற்றக் குறைதான். 5-இலிருந்து 15 வரை என்றால் கதவு, சன்னல் சிக்கத் தொடங்கும், மழைநீர் உள்ளே வரும். 25-ஐத் தாண்டினால் கட்டடம் நிற்பதே கேள்விக்குரியது. அகலத்தோடு போக்கையும் பாருங்கள். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் சரிவாக ஏறி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். மேசை நான்கு காலும் சேர்ந்து மண்ணில் புதைந்தால் மேலே வைத்த தட்டு உடையாது. ஒரு கால் மட்டும் புதைந்தால்தான் சறுக்கும். வீடும் அப்படித்தான். முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய சேதமில்லை. ஏற்றத்தாழ்வாக இறங்கினால்தான் கிழிகிறது.

அடுத்து ஈரம். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். இதற்கு ஓதம் என்று பெயர். பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை வரும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பெயின்ட் உரிந்திருக்கும். சுவரின் மேற்பகுதியிலோ கூரையிலோ கறை இருந்தால் அது ஓதம் இல்லை, மேலிருந்து ஒழுகுகிறது. ஒழுகலைச் சரிசெய்வது பெரும்பாலும் எளிது, ஓதத்தைச் சரிசெய்வது கடினம். வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும், கனமான அலமாரி வைத்து ஒரு மூலையை மறைத்திருந்தாலும் கேளுங்கள். அலமாரியை நகர்த்திக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

மூன்றாவது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. இரும்பு துருப்பிடித்தால் சுருங்காது, உப்பும். துரு, மூல இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து அது நெம்புவதால்தான் கூரையின் அடிப்புறம் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது. பழுப்புக் கோடு, உப்பலாகத் தெரியும் பூச்சு, தட்டினால் பொள்ளல் சத்தம் இதெல்லாம் அதற்கு முன்னறிவிப்பு. மொட்டைமாடிக்கு அடியிலும் குளியலறைக்கு அடியிலும் அவசியம் பார்க்க வேண்டும்.

நாம் பார்ப்பது சந்தேகப்படுவதற்குத்தான். தீர்ப்புச் சொல்ல ஒரு கட்டடப் பொறியாளர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீட்டு விலையில் மிகச் சிறிய துளி. அதை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விற்பவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது

பத்து வருடம் அந்த வீட்டில் இருந்தவருக்கு எந்த அறை ஒழுகும் என்று தெரியும். நமக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வுக்குத் தகவல் சமமின்மை என்று பெயர். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து 1970-இல் இதை விளக்கிய ஜார்ஜ் ஏகர்லாஃப், 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சமமின்மையைக் குறைக்க ஒரு நல்ல வழி, விற்பனையில் லாபமில்லாதவர்களிடம் பேசுவது: பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர், முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவர். “ஏன் விற்கிறார்கள்?” என்ற கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள்.

சொல்லும் விலையும் நம்மைக் கட்டிப்போடுகிறது. முதலில் காதில் விழும் எண்ணைச் சுற்றியே மனம் சுழல்வதை நங்கூரமிடல் என்பார்கள். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே வீட்டை வீட்டுத் தரகர்களுக்கே காட்டினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு விற்பனை விலையைச் சொன்னார்கள். அதிக விலை கேட்டவர்கள் அதிகமாக மதிப்பிட்டார்கள். சொன்ன விலை தங்களைப் பாதித்ததை அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கு இந்த நிலை என்றால் நமக்கு? அதே தெருவில் சமீபத்தில் உண்மையில் கைமாறிய விலையை முதலில் விசாரித்து, உங்கள் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் விற்பவரிடம் போங்கள்.

சொத்தின் மேல் இன்னொருவருக்கு இருக்கும் உரிமைக்கு வில்லங்கம் என்று பெயர். அடமானம், வழக்கு, பங்காளியின் பாகம், நடைபாதை உரிமை எல்லாம் இதில் அடங்கும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் விவரத்துக்குள் போகவில்லை. நீங்களே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள், விற்பவர் கைகாட்டும் வழக்கறிஞரிடம் வேண்டாம்.

கடன் கணக்கு

100 பங்கு கடன், ஆண்டு வட்டி 8 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை சுமார் 0.84. கடைசியில் கட்டி முடித்த மொத்தம் கிட்டத்தட்ட 201. வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு. பலரும் அறியாதது அடுத்ததுதான். முதல் தவணையில் 80 சதவீதம் வட்டிக்கே போகிறது. ஐந்து வருடத்தில் 50 பங்கு கட்டியிருப்பீர்கள், அசலில் 12.5 மட்டுமே குறைந்திருக்கும். அசல் பாதியாக 13 வருடத்துக்கு மேல் ஆகும்.

“பிடிக்காவிட்டால் நான்கைந்து வருடத்தில் விற்றுவிடலாம்” என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். பதிவுச் செலவும் தரகும் இதில் சேரவில்லை. குறைந்தது பத்து வருடமாவது இருப்போம் என்று தோன்றாத ஊரில் வாடகைக்கு இருப்பதில் ஒரு குறையும் இல்லை. வாங்கப்போகும் பகுதியிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது, எனக்குத் தெரிந்த எல்லாச் சோதனைகளிலும் சிறந்தது.

மதிப்பெண் போட்டால் போதாது

சிலர் பள்ளிக்கு 8, சமையலறைக்கு 9, தண்ணீருக்கு 2 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். ஒன்றுமே பார்க்காமல் வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. சமையலறையின் 9, தண்ணீரின் 2-ஐ மூடி மறைத்துவிடும். வாழ்க்கையில் அப்படி மூடாது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அலமாரியின் அழகு எதற்கும் உதவாது.

அதனால் முதலில் ஒரு சிறு பட்டியல். எது இருந்தால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்பீர்கள்? வெள்ளம், வில்லங்கம், அஸ்திவாரக் கோளாறு, தாங்க முடியாத பயணம் ஆகிய நான்கும் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் ஓதம் ஏறிய சுவர், நடக்கச் சிரமப்படுபவர் இருந்தால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று மற்றதைக் குடும்பம் சேர்க்கட்டும். பட்டியலை வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். ஒரு வீட்டின் மேல் ஆசை வந்த பிறகு எழுதினால் கை தானாகவே வளைந்து கொடுக்கும். இதில் தேறிய வீடுகளுக்கு மட்டும் அப்புறம் மதிப்பெண் போடலாம்.

எழுதும்போது எல்லோரையும் உட்கார வையுங்கள். பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கப் போகிறவர்தான் அந்த வீட்டை அதிகம் அனுபவிப்பவர். பல வீடுகளில் அவரிடம் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். பட்டறை வீட்டை விட்ட பிறகு நாங்கள் அடுத்த வீட்டைப் பார்க்கப் போனபோது என் அம்மாவையும் கூட்டிப் போனோம். அவர் எந்த அறையையும் பார்க்கவில்லை. வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள் நான்கு பேரிடம் பேசினார். எழுந்தபோது கோடையில் தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பது உட்பட எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.